தில்லையம்மாள் பேனர்

2004ஆம் வருடம் ஐப்பசியில் முனிரத்தினத்தின் அம்மா தில்லையம்மாள் இறந்தார். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் எங்களுக்கு எதிர் வீடு. அதன் பத்தாம் நாள் என் கணவர் இளங்கோவன் இறந்தார். இரண்டு சாவுக்கும் நடுவில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து நாங்கள் பிழைத்துவந்தோம். டைப் செய்வது நான், டிசைன் அவர். கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு, கண்ணீர் அஞ்சலி என்று எதுவும் வரும். அஞ்சலி வேலையில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு: உயிரோடு இருப்பவர் படம் அதில் வரக் கூடாது; வந்தால் அடுத்து அவர் போவார் என்பார்கள். மகனும் பேரனும் கீழே பெயராக வருவார்கள், அவ்வளவுதான். மற்ற விஷயங்களில் சாமிகூடக் கும்பிடாத அவர் இதை மட்டும் தவறாமல் பார்ப்பார்.

தகனம் முடிந்த மறுநாள் முனிரத்தினம் வந்தார்.

"இளங்கோ, அம்மாவுக்குப் போட்டோவே இல்லப்பா. வோட்டர் கார்டுல இருக்கிறதப் போட்டேன்னா எழுந்து வந்து என்ன அடிக்கும். உன் கல்யாணத்துல உங்க பக்கத்துல நின்னுக்கினு இருந்துதே, அது நல்லா இருக்குதுபா."

எங்கள் ஆல்பத்திலிருந்து அந்தப் படத்தை உருவிக் கொடுத்தேன். இடது ஓரத்தில் தில்லையம்மாள், நடுவில் நான், வலது ஓரத்தில் சந்தனப் பொட்டோடு அவர். தில்லையம்மாள் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, பேனரின் நடுவில் பெரிதாக வைத்தார். முனிரத்தினத்துக்கு அது போதவில்லை.

"மெட்ராஸ்ல பாத்தேன்பா. பேரு எழுத்துக்குள்ளயே போட்டோ தெரியுது. அந்த மாதிரி பண்ணு."

"பண்ணிடலாம் மாமா. ரெண்டே நிமிஷம்."

உண்மையிலேயே ரெண்டு நிமிஷ வேலைதான். பெயரைத் தடித்த எழுத்தில் அடிக்க வேண்டும். போட்டோவை அதற்கு மேல் லேயராக வைத்து, ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவே கிளிக் செய்தால் படம் எழுத்துக்குள் மட்டும் நிற்கும். மற்ற இடமெல்லாம் மறைந்துவிடும். பெயரோ நீளம். ஒரு முகத்தை அதற்கு ஈடாக இழுத்தால் பிய்ந்துபோகும். அதனால் கல்யாணப் படத்தை முழுசாகவே உள்ளே வைத்தார். திரையில் பார்க்க அரக்குப் பட்டும் ஜரிகையும் மாலையும்தான் எழுத்துக்குள் மின்னின.

"பெரிசு பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"பெரிசு பண்ணா இந்த டப்பா கம்ப்யூட்டர் தொங்கிடும். அப்புறம் உன்னை உக்கார வெச்சுத்தான் மொத்தத்தையும் திரும்ப அடிக்கணும், பரவாயில்லையா?" என்று சிரித்தார். சிடியில் ஏற்றிக்கொண்டு, பிரிண்ட் போடச் சென்னைக்குப் பஸ் ஏறினார்.

மறுநாள் காலையில் பேனரை முனிரத்தினம் வீட்டு வாசலில் சவுக்குக் கம்புகளில் கட்டினார்கள். பன்னிரண்டு அடி அகலம். தெருவே நின்று பார்த்தது. நானும் வாசலில் நின்று பார்த்தேன். கடைசி எழுத்தின் தடித்த கோட்டுக்குள் ஒரு கண் இருந்தது. அதன் பக்கத்தில் பாதிச் சந்தனப் பொட்டு. திரையில் புள்ளியாகக்கூடத் தெரியாதது, அங்கே என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது.

என் முகம் எங்கே என்று தேடினேன். இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருந்த வெள்ளையில் விழுந்து நான் மறைந்துபோயிருந்தேன். அவர் மட்டும் உள்ளே இருந்தார்.

உள்ளே வந்து சொன்னதும் அவர் எட்டிப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாது, விடு."

"எனக்குத் தெரியுதே."

"உனக்கு என் மூஞ்சி எங்க இருந்தாலும் தெரியும்."

சிரிக்கத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. எங்கள் தெருவில் அஞ்சலி பேனரைக் கருமாதி முடியும்வரை இறக்க மாட்டார்கள். பதினாறாம் நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வாசல் தெளிக்கப் போனாலும், தண்ணீர் பிடிக்கப் போனாலும் அந்தக் கண் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்த மழைக்காலக் காய்ச்சல்தான். இரண்டு நாளில் இறங்கியும்விட்டது. ஆனால் எனக்குள் அது இறங்கவில்லை.

முனிரத்தினத்திடம் போய்ப் பேசிப் பார்த்தேன். காரணத்தைச் சொன்னால் என் கணவர் தொழிலுக்குக் கெட்ட பெயர். அதோடு, அம்மாவின் பேனரில் வேற்று ஆள் இருக்கிறான் என்றால் அவர்கள் மனசு என்னாகும்?

"மழையில சாயம் போயிடும்ணா. இறக்கிட்டா அவரு புதுசு அடிச்சுத் தருவாரு."

"இன்னாமா பேசுற நீ? கருமாதிக்கு முன்னாடி என் ஆத்தாளக் கீழ எறக்கச் சொல்றியா? செத்தும் அவளுக்கு ரெண்டாவது சாவு கேக்குதா?"

திரும்பி வந்தேன். அன்றிலிருந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவரிடம் ஒரே பேச்சுதான். "அந்தக் கண்ணை மூடுங்க. எதையாவது ஒட்டி மூடுங்க." ஒன்பதாம் நாள் மாலை அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா தாயே, ஒட்டிடறேன். ஒரு துண்டு அரக்குக் கலர் ஸ்டிக்கர் வெட்டி வெச்சிருக்கேன். காலைல ஜனம் எழுந்திரிக்கறதுக்குள்ள முடிச்சிடறேன். அப்புறமாவது ஒரு வாய் தின்னு."

இரவெல்லாம் தூறிவிட்டு, விடியலில் மழை நின்றிருந்தது. ஐந்தரை மணிக்கு நான்தான் அவரை எழுப்பினேன். இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்றார். ஆள் நடமாட்டம் வந்துவிடும் என்று நான் அவசரப்படுத்தினேன். கோவில் பந்தல்காரரின் இரும்பு ஏணி சந்து முனையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து பேனர்மேல் சாய்த்தார். பேனருக்குப் பின்னால் முனிரத்தினம் வீட்டுக்குப் போகும் கரண்டு ஒயர் மழையில் தொய்ந்திருந்ததை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. ஏணியைச் சரியாக ஊன்றுவதற்காக ஒருமுறை தூக்கி நகர்த்தினார்; அதன் நுனி ஒயரில் பட்டது. என் கண்ணெதிரில்தான். என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட அவருக்கு நேரமிருக்கவில்லை.

முனிரத்தினம்தான் முதலில் ஓடிவந்தார். மழையில் பேனரின் ஒரு பக்கக் கயிறு அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார். "கட்டு அவுந்துபோச்சேன்னு ஏறினியாடா! என் ஆத்தா தெருவுல விழக் கூடாதுன்னு நீ விழுந்துட்டியேடா!" தெரு அதை நம்பியது. போலீஸ் அதையே எழுதிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அவருடைய சட்டையைக் கொடுத்தபோது பையில் அந்த அரக்குத் துண்டு இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அவருக்குப் பேனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் கண்ணால் அவர் சாகவில்லை. அது எனக்குத் தெரியும். அது பாட்டுக்கு இன்னும் ஆறு நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். பிறகு பேனரைச் சுருட்டிப் பரணில் போட்டிருப்பார்கள்.

முனிரத்தினம் ஒவ்வொரு ஐப்பசியிலும் என் கணவர் திதிக்கு மாலை வாங்கிக்கொண்டு வருவார். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் அம்மாவுக்காக இப்படி உயிரை விடுவானா என்று வந்திருப்பவர்களிடம் சொல்லுவார். இந்த வருடம் கூட்டம் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். காபி கொடுத்தேன்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருக்குது. காய்ச்சல்ல கெடந்தவன், அந்த நேரத்துல யாரு அவன எழுப்பி உட்டது?"

"தானாவேதான் எழுந்தாருண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு காபியைக் குடித்தார்.