ஒரே பந்தியில் நாலு ஹார்ட் டிஸ்க்

வலியசாலைத் தெருவில் யார் வீட்டில் பால் திரிந்தாலும் சூடாமணி மாமிக்கு உடனே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டு டிஸ்க் செய்த காரியம் மட்டும் கடைசியாகத்தான் தெரிந்தது.

தெருவில் நடக்கும் கல்யாணம், பூணூல், கோயில் உற்சவம் எல்லாவற்றின் வீடியோவையும் ஓரிடத்தில் பத்திரப்படுத்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் கைலாஷ் ஒரு பெட்டி செய்திருந்தான். அதில் நாலு ஹார்ட் டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றையும் வைத்து எல்லாவற்றையும் மீட்டுவிடலாம். வீட்டுக்கு ஒன்றாகத் தந்தார்கள். கைலாஷும் டாக்டர் ஆதிராவும் ஆளுக்கு நாலு டெராபைட் கொள்ளும் டிஸ்க், எதிர்வீட்டு சுப்பு இரண்டு டெரா. மாமி தந்தது பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய அரை டெரா.

"மாமி, இது சின்னது. தனியா வெச்சுக்கறேனே."

"தனியாவா? எல்லாருக்கும் கூடத்துல இலை, எனக்கு மட்டும் கொல்லைலயா? ஒரே பந்திதான், கேட்டியா!"

கைலாஷ் அடங்கிப்போனான். மாமியிடம் வாதாடி ஜெயித்தவர்கள் எல்லோரும் தெருவைவிட்டே போனவர்கள்தான்.

உற்சவத்துக்கு முந்தின நாள் பெட்டி நிறைந்துவிட்டது. பழையதில் ஏதாவது அழித்தால்தான் இடம் என்றான் கைலாஷ். இருப்பதிலேயே பழையது மாமியின் பெண் சுப்ரியாவின் கல்யாணம். வேறு நகல் கிடையாது. காலமான மாமா வாய்விட்டுச் சிரிப்பது உலகத்திலேயே அந்த ஒரு வீடியோவில்தான்.

மாமிக்குப் பகீரென்றது. பகீரென்றால் மாமி பேசுவாள். கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், சுப்பு கொடுத்த ஓட்டை டிஸ்க்தான் இடத்தையெல்லாம் முழுங்குகிறது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. சுப்புவுக்கும்தான். மாமி கைலாஷ் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"எந்தா மாமி, என் டிஸ்க் முழுங்கறதாமே?"

மாமி கைலாஷைப் பார்த்தாள். அவனிடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த சுப்புவே சொன்னார்.

"நம்ம பந்தில ஒருத்தர் எழுந்தா எல்லாரும் எழுந்துக்கணும், அல்லே மாமி? இந்தப் பெட்டியும் அப்படித்தான். சின்னது அரை டெராவுல வயிறு நெறைஞ்சு எழுந்துடுத்து. நாலு டெராக்காராளும் அதோட கையலம்பிண்டாச்சு. மிச்ச இடமெல்லாம் சும்மா கெடக்கு."

மாமிக்கு அந்த வீடியோ ஞாபகம் வந்தது. சர்க்கரைக்குப் பயந்து அவள் பாயசத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட, பந்தி முழுவதும் வாளியைப் பார்த்தபடியே எழுந்தது. அதற்குத்தான் மாமா அப்படிச் சிரித்தார். அன்றைக்கு மனுஷர்களின் பந்தி, இன்றைக்கு இரும்புப் பெட்டியின் பந்தி. எழுப்பிவிட்டவள் என்னவோ ஒருத்திதான்.

"சுப்பு, தப்பா சொல்லிட்டேன். என்னோடதுதான் முழுங்கித்து," என்றாள். பிறகு கைலாஷிடம், "எடுத்துடுப்பா. கொல்லைலயே இலை போடு."

கைலாஷ் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, பந்தியை மாற்றிப் போட்டான். பெரிய இரண்டிலும் இரண்டிரண்டு டெரா பிரித்துச் சுப்புவுடையதோடு ஒரு பந்தி. பெரியவற்றின் மிச்சம் இரண்டும் ஒன்றுக்கொன்று நகலாக ஜோடி சேர்ந்து இன்னொரு பந்தி. மீட்புக்கான பங்கு போக, முன்பு ஒன்றரை டெரா கொண்ட பெட்டியில் இப்போது ஆறு கொண்டது. உற்சவமும் ஏறியது, மாமாவும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னோடதுல எதைப் போடுவே?"

"அதுக்கு இனிமே பாதுகாப்பு கெடையாது மாமி. தொலைஞ்சாலும் பரவால்லைங்கறதைத்தான் போடணும்."

"தெரு வாட்ஸாப் குரூப்புல நான் பேசி அனுப்பறேனே, அதையெல்லாம் போடு."

முதலில் நிறைந்த டிஸ்க் அதுதான்.