ரெண்டு கூண்டுக்கும் ஒரே பந்தி

ராயப்பன்பட்டியில் சவரிமுத்து கை படாத விருந்து கிடையாது. கோயில் அசனத்தில் சாம்பார் வாளி அவரிடம்தான். முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் ஒரு கரண்டி முன்னே பின்னே ஆகிவிட்டால் மனுசனுக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவர் வீட்டுக் கொல்லையில்தான் மருமகள் மகிமா காடை வளர்த்தாள்.

தின்பதற்கு இல்லை, டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு. காடையின் இறகில் இருக்கும் ஹைட்ரஜனில் தீனி தந்தது எவ்வளவு, தண்ணீர் தந்தது எவ்வளவு? இதுதான் கேள்வி. இரண்டு கூண்டுக்கும் ஒரே தீனி. தண்ணீர் மட்டும் வேறு. ஒன்றுக்கு மலையிலிருந்து ஜீப்பில் வரும் ஊற்றுத் தண்ணீர், மற்றதற்குக் கொல்லை போர்வெல் தண்ணீர். மலைத் தண்ணீரில் கனமான ஹைட்ரஜன் குறைவு. அந்த வித்தியாசம் இறகில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். மகிமா தினமும் பெரியகுளம் கல்லூரிக்குப் போய்விடுவதால் தண்ணீர் ஊற்றுவது மாமனார் வேலை.

புதிதாக முளைத்த இறகுகள் சோதனைக்குப் போயின. முடிவு வந்த அன்று மகிமாவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு கூண்டு இறகும் ஒன்றுபோலவே இருந்தனவாம்.

“தண்ணியில ஒண்ணுமே இல்ல மாமா, எல்லாம் தீனிதான்! இப்படி யாருமே சொன்னதில்ல. நாளைக்கே எங்க சார்கிட்ட காட்டப்போறேன்.”

“எப்படி ஆத்தா வித்தியாசம் வரும்?” என்றார் அவர் பெருமையாக. “நான்தான் ரெண்டு தண்ணியையும் கலந்து ஊத்துறேனே. ஒண்ணுக்கு நல்ல தண்ணி, ஒண்ணுக்கு உப்புத் தண்ணின்னு பந்தியில ஓரவஞ்சன பண்ணலாமா?”

மகிமாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. உலகம் வியக்க வேண்டிய கண்டுபிடிப்பு கொல்லையைக்கூடத் தாண்டவில்லை.

“அந்த வித்தியாசந்தான் மாமா ஆராய்ச்சியே! இனி மொதல்லருந்து தொடங்கணும். நீங்க கூண்டுப் பக்கமே வரக்கூடாது.”

“சரி ஆத்தா. தப்புதான்.”

மறுநாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர், ஊற்றுத் தண்ணீர்ச் செம்பைத் தள்ளிவைத்துவிட்டுப் போர்வெல் குழாயில் பிடித்துவந்து குடித்தார். முகம் கோணியது.

“என்ன மாமா இது?”

“அதுக அதக் குடிக்கையில எனக்கு மட்டும் நல்ல தண்ணி எறங்குமா? எறகு மொளைக்கிற வரைக்கும் எனக்கும் இதுதான்.”

திட்ட வாயெடுத்தவள், அவர் டம்ளரை வாங்கி ஒரு மடக்கு குடித்தாள்.

ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து அந்தத் தண்ணீரை அவள் அன்றுதான் வாயில் வைத்தாள்.