பூசையில் வைத்த ரயில் டிக்கெட்

அந்தக் காலத்தில் பதுளையில் ஒருவன் மெக்கானிக் ஆவதற்கு என் வாய் ஒன்றே போதும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த என் மோட்டார் பட்டறையில் சில வருஷம் கரி எண்ணெயில் குளித்தவனை, "நல்ல பிள்ளை, வேலை தெரியும்" என்று சொல்லி அனுப்புவேன். அதுதான் சான்றிதழ். அப்படி நான் அனுப்பிய ஒருவன் வெலிமடையில் ஒரு லொறியைக் கழற்றிப் பூட்டினான். பூட்டியது போக மிஞ்சிய சாமான்களில் ஒரு மோட்டார் சைக்கிளே செய்துவிட்டான். லொறியும் ஓடியது. பின்பக்கமாக மட்டும்.

எழுபதுகளில் கொழும்பிலிருந்து புதுத் திட்டம் வந்தது. இனி நாடு முழுவதும் தொழிலுக்கு ஒரே அளவு. பழக்கிய முதலாளியே தன் ஆளுக்குச் சான்றிதழ் கொடுத்துவிடக் கூடாது. வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். முதலில் பட்டறையைப் பார்ப்பார், பிறகு பழகியவனின் கையைப் பார்ப்பார். யாரை மனதில் வைத்து இந்தச் சட்டம் போட்டார்கள் என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. பலீல் என்ற என் பெயரை மட்டும் நாகரிகம் கருதி எழுதாமல் விட்டிருந்தார்கள்.

அப்போது என்னிடம் பழகிக்கொண்டிருந்தவன் அழகையா. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவன். அவனுடைய தோட்டத்துத் தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. புதுச் சான்றிதழோடு மாத முடிவுக்குள் வந்தால் வேலை அவனுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். அவன் மனைவி ராசம்மா கொழுந்துக் கூடையைச் சுமந்துகொண்டே, இருக்கிற எல்லாச் சாமிக்கும் நேர்ந்து வைத்திருந்தாள்.

பரிசோதகர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது. ஆனால் ஆயுத பூசையன்று காலையிலேயே குடையோடு வாசலில் வந்து நின்றார்.

நான் ஐந்து வேளை தொழுகிறவன். ஆனால் என் பட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லாம் தோட்டத்துப் பிள்ளைகள். வருஷத்தில் ஒரு முறை ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, செவ்வந்திப் பூ சாத்திப் பலகையில் அடுக்குவார்கள். மறுநாள் காலைப் பூசை முடியும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாது. வாசலுக்கு வந்த வாகனங்களை நானே கைகூப்பித் திருப்பி அனுப்புவேன்.

"அடுத்த கிழமை வர்றதாத்தானே சொன்னீங்க?" என்றேன்.

"சொல்லிப்போட்டு வந்தால் அது பரிசோதனை இல்லை, கலியாண வீடு" என்றார் அவர். வீரசிங்கம் என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் உத்தியோகம். பலகையைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு துப்புரவான ஸ்பேனரை நான் நாட்டில எங்கையும் பார்க்கேல்லை. நெருப்பணைக்கிற மணல் வாளி எங்கை?"

காட்டினேன். அதில் ஊதுபத்திகள் புகைந்துகொண்டிருந்தன.

"இது நெருப்பணைக்கிற வாளியோ, வளர்க்கிற வாளியோ?"

மணல் வாளிக்குத் தன் தாளில் ஒரு குறை எழுதிவிட்டு, பழுதுபார்க்க வந்து நின்ற லொறியைக் காட்டி, "சரி, ஆளைக் கூப்பிடுங்கோ. இந்த லொறியின்ர பிரேக்கைப் பார்க்கட்டும்" என்றார்.

அழகையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மன்னிக்கணுங்க ஐயா. இன்னைக்கு ஸ்பேனரத் தொட மாட்டேங்க."

நான் பலகைப் பக்கம் ஓடினேன். "டேய், சாமான் என்னோடது. நான் எடுத்துத் தாரேன், நீ வேலையைப் பாரு."

"சாமான் ஒங்களுதுதான் மொதலாளி. ஆனா இன்னைக்கு அதுக்கு லீவு."

"நான் இனி வர ஒரு வருஷமாகும். யோசிச்சுச் சொல்லும்" என்றார் வீரசிங்கம்.

அழகையாவின் கண் கலங்கிவிட்டது. கையை மட்டும் அவிழ்க்கவில்லை. "எடுத்தா, ஐயா சொல்ற வேலையச் செஞ்சிருவேங்க. ஆனா நாளைக்கு அதே ஸ்பேனரத் தூக்குறப்ப கை கூசுமுங்க."

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை நான் எடுத்தேன். "ஐயா, இவன் சாதாரண ஆள் இல்ல. ஹல்துமுல்லைல பஸ் இருமுனா இங்க இருந்தே என்ன வருத்தம்னு சொல்லுவான்."

"முதலாளி, புதுத் திட்டத்தில உங்கட சொல்லுக்குப் புள்ளி இல்லை. பின்னேர ரயிலுக்கு டிக்கெட் எடுத்திட்டன். நாளைக்குப் பண்டாரவளையில வேலை."

"பின்னேர ரயிலா? அல்லாஹ்! அதுல போகாதீங்க. தெமோதரையில ரயில் ஸ்டேஷனுக்கு அடியில குகைக்குள்ள பூந்து, சுத்தி மேல வருதில்லையா? போன மாசம் கடைசிப் பெட்டியில இருந்த கார்டு கீழ இருந்து அண்ணாந்து பார்த்திருக்கார். மேல ஒரு இஞ்சின் நிக்குது. வேற ரயிலாக்கும்னு சிவப்புக் கொடியக் காட்டிட்டார். தன் இஞ்சினுக்கே வழிவிட்டுக்கிட்டு விடியும்வரைக்கும் நின்னுச்சு."

வீரசிங்கம் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, குடைக்கம்பியில் முகத்தைச் சாய்த்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொய்யெண்டாலும் தரமான பொய்" என்றார். "ஆனால் நான் இதுக்காக நிக்கேல்லை. ஆயுதத்துக்கு இவ்வளவு மரியாதை குடுக்கிறவனைச் சோதிக்காமல் போனால் என்ர வேலைதான் குறை. பண்டாரவளைக்கு இண்டைக்கே பஸ்ஸில போய் அந்த வேலையை முடிக்கிறன். நாளைக்குக் காலமை இஞ்சை நிப்பன்."

அழகையா நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. லயத்துக்கு வந்த பெரிய ஆட்கள் எத்தனையோ பேர் நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதைக் கண்டுகொண்டார். சட்டைப்பையிலிருந்து அந்த மட்டை டிக்கெட்டை எடுத்து நீட்டினார். "இந்தா, பிணை."

வீட்டிலிருந்து என் மனைவி ஸவாஹிரா வீரசிங்கத்துக்குக் குளிருக்கு ஒரு கம்பளி கொடுத்தனுப்பினாள். "பரிசோதிக்கிற இடத்தில ஒண்டும் வாங்கக் கூடாது" என்றார். "திருப்பித் தந்துருங்க, அப்ப லஞ்சமில்லையே" என்றேன். கொஞ்சம் யோசித்து வாங்கிக்கொண்டார். அழகையா டிக்கெட்டுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்து, பெரிய ஸ்பேனருக்குப் பக்கத்தில் சாத்தினான்.

மறுநாள் பூசை முடிந்து தேங்காய் உடைத்தபோது, பனிக்குள்ளிருந்து முதலில் என் கம்பளிதான் வந்தது. உள்ளே வீரசிங்கம் இருந்தார்.

லொறி வெலிமடை உருளைக்கிழங்கு முதலாளியுடையது. பதுளையில் நிறுத்துவதற்கு அதன் டிரைவர் முந்தின ஊரான ஹாலிஎலவிலேயே பிரேக்கை மிதிக்கத் தொடங்கிவிடுவார். மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். அழகையா முதலில் இடது பக்கம் போகவே இல்லை. வலது சில்லைக் கழற்றினான். எண்ணெய் சீல் கசிந்து, பிரேக் லைனிங் ஊறிக் கிடந்தது; அந்தப் பக்கம் பிடிக்காததால்தான் வண்டி இடதுக்கு இழுத்தது. சீலை மாற்றினான், பிறகு இரண்டு பக்கமும் புது லைனிங் போட்டான்.

"ஒரு பக்கந்தானே பழுது?" என்றார் அவர்.

"ஒரு பக்கம் மட்டும் மாத்துனா மறுபடி இழுக்குமுங்க."

வீரசிங்கம் லொறியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். இறக்கத்தில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு பிரேக்கை மிதிக்கச் சொன்னார். வண்டி நூல் பிடித்ததுபோல் நேராக நின்றது. பின்னால் ஏறியிருந்த நான் மட்டும் நிற்காமல் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு கொஞ்ச தூரம் போய் வந்தேன்.

புறப்படும்போது அழகையா டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினான். "பூசையில வைச்சதைத் தொடக் கூடாது எண்டு நீர்தானே சொன்னீர்? வைச்சிரும்" என்றார். கம்பளியை மடித்து என்னிடம் தந்தார். மணல் வாளிக் குறையை அழிக்கச் சொல்லிக் கேட்டேன். அழிக்கவில்லை. அதற்காகவும் அந்த மனுஷருக்கு நான் நன்றி சொல்கிறேன். அதை அழிக்கிற ஆளாக இருந்திருந்தால், அவர் தந்த சான்றிதழ் என் வாயைவிட எந்த விதத்தில் உசத்தி?

மாத முடிவுக்குள் அழகையா ஃபிட்டர் ஆகிவிட்டான். மடுல்சீமைக்கு ரயில் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் அந்த ஃபெக்டரியில் ஆயுத பூசையன்று ஸ்பேனர்களுக்கு நடுவில் ஒரு ரயில் டிக்கெட் உட்கார்ந்திருக்கும். சந்தனம் ஏறி ஏறி இப்போது பிஸ்கட் தடிப்பு இருக்கிறது. நானும் தவறாமல் போவேன். அது என்ன சாமி என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்பார்கள். நான் தொண்டையைக் கனைப்பதற்குள் அழகையா கையைக் காட்டி மறித்துவிடுவான்.

"இருங்க மொதலாளி, நான் சொல்றேன். நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க."