இரண்டு பக்கமும் மின்னியது

எங்கள் ரப்பர் பெக்டரியில் ஒருமுறை பியூஸ் எரிந்தபோது அதை மாற்றிப் போட்டவன் நான். அன்றிலிருந்து எனக்குக் கரண்ட் வேலை தெரியும் என்று ஒரே ஒரு ஆள் உறுதியாக நம்பத் தொடங்கினார். அந்த ஆள் நான்தான்.

இரண்டாயிரத்து ஆறில் என் தங்கச்சி நிரோஷாவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை சுமன், இரத்தினபுரிப் பக்கம். கல்யாணம் எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயிலில். மாப்பிள்ளை வீட்டு வேனுக்கு வழி தெரியாது என்பதால், யட்டியாந்தோட்டை பஜாரில் காத்திருந்து பைக்கில் முன்னால் போய் வழிகாட்டும் பொறுப்பு எனக்கு வந்தது.

மாப்பிள்ளைக்கு முன்னால் போகிற பைக் லட்சணமாக இருக்க வேண்டாமா? என்னுடையதோ வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. சிக்னல் விளக்குகள் நாலும் கொய்யாக்காய் மாதிரி துருத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை சைக்கிள் டியூப் கிழித்துக் கட்டி வைத்திருந்தேன்.

பஜாரில் பைக் சாமான் விற்கும் பவாஸ், மெல்லிசான எல்.இ.டி. சிக்னல்கள் நாலை எடுத்து வைத்தார். சிக்னலை விட்டுவிட்டு எரிய வைக்கும் பழைய பிளாஷரில் அவை மின்னாது என்று புது பிளாஷரும் கொடுத்தார்.

"லிங்கம், இது பழைய பைக். வயரிங் செய்ற ஆள்ட்ட குடுத்து போட்டுக்கோங்க."

"வயரிங்தானே பவாஸ் நானா. நானே பாத்துக்குறேன்."

நான் கேட்காமலே பவாஸ் வயர் சுற்றும் டேப் ரோல் ஒன்றையும் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வேலை நடந்தது. முடிந்ததும் பைக்கில் ஏறி உட்கார்ந்து இடது சிக்னலைப் போட்டேன். இடது பக்கம் குனிந்து பார்த்தேன், மின்னியது. வலது சிக்னலைப் போட்டேன். வலது பக்கம் குனிந்தேன், அதுவும் மின்னியது.

"நான் பின்னால நின்னு பாக்கவா?" என்று என் மனைவி விஜயகலா வாசலில் வந்து கேட்டாள்.

"நீ பாத்தா மட்டும் வேற மாதிரியா எரியப்போகுது?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

கல்யாணத்தன்று காலையிலேயே தூறல். பஜாரில் வேன் வந்து நின்றது. டிரைவர் ஜமால்தீன் தலையை வெளியே நீட்டினார்.

"நீங்க முன்னுக்குப் போங்க. ஒங்கட சிக்னல பாத்துட்டே வாறேன்."

அந்த வார்த்தையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கித்துல்கல ரோட்டில் கொஞ்ச தூரம் போனால், ஒரு வளைவிலேயே இடது பக்கம் எங்கள் தோட்டத்து ரோடு ஏறும். எல்லோரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று வெகு முன்னாலேயே இடது சிக்னலைப் போட்டேன். வளைவில் திரும்பி ஏறினேன். ஏற்றத்தில் வளைவுக்கு மேல் வளைவு, மழைச் சத்தம் வேறு. வேன் பின்னால் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோயில் வாசலில் என் தலை தெரிந்ததும் மேளம் தொடங்கியது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் முன்னால் வந்தார்கள். நான் பைக்கை ஓரம் நிறுத்தி, இறங்கி, மாப்பிள்ளையை அழைக்கிற தோரணையில் கையைப் பின்னால் நீட்டினேன். அங்கே ஈர ரோடு மட்டும் இருந்தது.

"வேன் எங்க?" என்றாள் விஜயகலா.

"பின்னால வருது."

மேளம் ஒரு சுற்று வாசித்து முடித்து நின்றுவிட்டது. வேன் வரவில்லை. எங்கள் தோட்டத்தில் போனும் எடுக்காது. 'மாப்பிள்ளை பாதியில் திரும்பிப் போய்விட்டாராம்' என்று யாரோ சொன்னது லயத்துக்கு லயம் தாண்டி, கோயிலுக்குப் பின்னால் அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த நிரோஷாவிடம் போய்ச் சேர்ந்தது. அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். நிரோஷா அழவில்லை. மாலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

விஜயகலா தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பட்டுப் புடவையோடு பைக்கில் ஏறினாள். "ஓட்டுங்க."

கித்துல்கல போகிற வழியில் ஆற்றை ஒட்டிய ஒரு தேத்தண்ணிக் கடையோரம் வேன் நின்றது. சுமன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூரைக்கடியில் ஒதுங்கியிருந்தார். அவருடைய அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

"எங்க போனீங்க?" என்றார் ஜமால்தீன். "ரெண்டு பக்கமும் மின்னிச்சு. நேரா போகச் சொல்றீங்கன்னு நேரா வந்தேன். வளைவு தாண்டிப் பாத்தா ஆளே இல்ல."

"லெஃப்ட்தான் போட்டேன்."

விஜயகலா இறங்கிப் பைக்குக்குப் பின்னால் போய் நின்றாள். "லெஃப்ட் போடுங்க."

போட்டேன்.

"ரெண்டும் எரியுது. ரைட் போடுங்க."

போட்டேன்.

"ரெண்டும் எரியுது. ஹோர்ன் அடிங்க, அதுக்கும் எரியுதான்னு பாப்போம்."

சுமன் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

திரும்பும்போது சிக்னலில் நான் கை வைக்க அவள் விடவில்லை. வளைவு வந்ததும், வளையல் அடுக்கிய வலது கையை மழையில் நீளமாக நீட்டினாள். வேன் ஒழுங்காகப் பின்னால் வந்தது.

பூசாரி நல்ல நேரம் தப்பிவிடாமல் மந்திரத்தை ஓட்டமும் நடையுமாகச் சொல்ல, தாலி ஏறியது. ஆசீர்வாதம் செய்யக் குனிந்தபோது நிரோஷாவின் கண் சிவந்திருந்தது தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அண்ணே, அவரு எல்லாம் சொன்னாரு," என்றாள் மெதுவாக. "நாளைக்கு எங்கள ரத்னபுரியில விட வர்றப்ப நீங்க பஸ்ல வாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

அடுத்த வாரம் பவாஸ் பைக்கின் ஸ்பீட் மீட்டரைக் கழற்றினார். உள்ளே, சிக்னல் போட்டிருப்பதை ஓட்டுகிறவனுக்குக் காட்ட ஒரே ஒரு சின்ன பல்ப். இடதுக்கும் வலதுக்கும் நடுவில் அது பாலம் போட்டிருந்தது. பழைய பல்புகள் அந்த வழியாக வருகிற துளிக் கரண்டுக்கு அசையாது, எல்.இ.டி.க்கு அந்தத் துளியே போதும். அந்தச் சின்ன பல்பைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சிக்னல் போட்டிருக்கிறேனா என்று எனக்குக் காட்ட அன்றிலிருந்து மீட்டரில் ஒன்றும் இல்லை. போன மாதம்கூட பஜாரிலிருந்து கரவனெல்ல வரை வலது சிக்னலோடேயே போயிருக்கிறேன். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர், "அய்யே, சிக்னல் எக ஓஃப் கரன்ன" என்று, சிக்னலை அணைக்கச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார். யாரோ தெரிந்தவர் என்று நினைத்துக் கையசைத்துவிட்டு, அப்படியே போய்க்கொண்டிருந்தேன்.