காத்திருக்காத விமானம்

ஓடிவருகிற பயணிக்காக விமானம் காத்திருந்தால் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, கட்டுப்படியாகாவிட்டால் கதவை மூடச் சொல்லும் மென்பொருளை எழுதியவள் அவள்தான். செலவு மளமளவென்று குறைந்ததும் விமான நிறுவனம் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது.

அன்று மருத்துவமனையில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த, பாதி வழியில் விமானம் மாற வேண்டிய அண்ணன் அவளிடம் போனில் கத்தினான்.

“கண்ணு முன்னாடியே கதவைச் சாத்திட்டாங்க! ஒரு ஆளுக்காக நின்னா நஷ்டம்னு கம்ப்யூட்டர் சொல்லிடுச்சாம். எவன் எழுதுனானோ, அவன் வெளங்கவே மாட்டான்!”

அவள் போனை வைத்தாள்.

“அண்ணன் ஏறிட்டானா?” என்று அம்மா முனகினாள்.

“ஏறிட்டான்மா.”

அம்மாவின் உதட்டில் சிரிப்பு வந்தது.

“உங்க கம்பெனி பிளேனாச்சே. அவனுக்காக ரெண்டு நிமிஷம் நின்னிருக்கும்.”