மூன்று நாள் காய்ச்சல்

டாக்டர் பிரிசில்லா வென்டிலேட்டரில் காற்றின் அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அமிர்தவள்ளியும் அதையேதான் பார்த்தாள். ஆக்சிஜன் எண்பத்திரண்டிலேயே நின்றது.

காலையிலேயே அவளுக்குப் புரியும்படி சொல்லியிருந்தார்கள். அவள் புருஷன் துரைசாமியின் நுரையீரல் நீர் கோத்துப் பாதிக்கு மேல் மூடிக்கிடக்கிறது. அழுத்தத்தைக் கூட்டினால் மூடியது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். திறந்தால் பிழைக்க வழி உண்டு. திறக்காவிட்டால் அந்தக் காற்றே மிச்சத்தையும் கிழித்துவிடும். அமிர்தவள்ளிக்கு இது விளங்காமல் இல்லை. தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோலை இழுத்துச் சட்டத்தில் மாட்டுவது துரைசாமியின் வேலை. எது இழுவைக்கு வரும், எது கிழியும் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான்.

அவனைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கியது அவளுடைய சொந்தத் தம்பி. ராஜேஷ் அங்கே சூப்பர்வைசர். அடைப்பு எடுக்க ஆள் வரவில்லை, அஞ்சு நிமிஷ வேலை என்றானாம். விஷவாயுவில் மயங்கியவனை மேலே தூக்கி, முகத்தில் தண்ணீர் அடித்து, ஒரு வெல்லக்கட்டியைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். எல்லாக் கோளாறுக்கும் அங்கே வெல்லம்தான் மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸாகிவிடும் என்று இரண்டு நாள் வீட்டிலேயே கிடத்தினார்கள். மூன்றாம் நாள் உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் ராஜேஷ் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

"மூணு நாளா காய்ச்சல்னு சொல்லுக்கா. கம்பெனிய சீல் வெச்சிட்டா ஜனங்க எங்க போவும்?"

அவளும் டாக்டரிடம் அப்படியே சொன்னாள். கூடப்பிறந்தவன் என்ற பாழாய்ப்போன பாசம்.

டாக்டர் கூட்டியதைக் குறைத்துவிட்டு வெளியே வந்தார்.

"திறக்கலம்மா. ஏத்தினா பி.பி. விழுது. இதுக்கு மேல ஏத்த முடியாது."

"காய்ச்சல் இல்ல டாக்டர். தொட்டியில கேஸ் அடிச்சிடுச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

ராஜேஷ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கே கூட்டினு வந்திருந்தா..." என்றவர் மேலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

நாலு மணிக்கு உயிர் போயிற்று.

நர்ஸ் அவன் துணிகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். தொட்டியில் இறங்குமுன் கழற்றி வைத்து, அப்புறம் மாட்டிய சட்டை. இரண்டு நாளும் அதோடுதான் கிடந்தான். அமிர்தவள்ளி அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ராஜேஷ் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"அக்கா, டாக்டர் சொல்லி போலீஸ் வந்துட்டாங்க. டாக்டர்கிட்ட உளறிட்டேன், காய்ச்சல்தான்னு சொல்லிடு. மாமா போய்ட்டாரு. நான் உள்ள போனா என் புள்ளைங்க இன்னா பண்ணும்?"

சட்டைப் பையில் ஏதோ கனத்தது. கையை விட்டு எடுத்தாள். பேப்பரில் சுற்றிய வெல்லக்கட்டி, கடிபடாமல் முழுசாக இருந்தது. மூச்சுக்குத் தவித்தவன் எங்கே தின்பான்.

தம்பியின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். விரல்களை அவளே மடக்கிவிட்டு, வராந்தாவில் நின்ற போலீஸ்காரரிடம் நடந்தாள்.