ஓட்டத்தை முடிக்காதவன்

இலங்கை இராணுவத்தைத் தனியொருவனாக நின்று தோற்கடித்தவன் நான். ஆயுதம் ஒன்றும் இல்லை. கட்டைக் காற்சட்டை, நெஞ்சிலே ஓர் இலக்கம், கூட ஓடிய நிலாமிடம் இரவல் வாங்கிய பழைய சப்பாத்து. வெள்ளவத்தைப் பாலத்தடியில் தொடங்கிய சண்டை எங்கள் பல்கலைக்கழக மைதானத்தில் முடிந்தது. நாற்பது யார் தூர வித்தியாசத்தில் வெற்றி எனக்கு.

நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள். வெள்ளவத்தைக் கடற்கரையில் பின்னேரம் கூடுகிற எங்கள் ஓய்வூதியக் கூட்டம் முழுக்க நம்புகிறது. ஒஸ்வால்ட் ஒருத்தன்தான் நம்பாதவன். அவன் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் ஏறி வந்து நம்பாமல் இருந்துவிட்டுப் போவான்.

விஷயம் என்னவென்றால், அந்த ஓட்டத்தில் வென்றவன் என்று பலகையில் இருப்பது அவனுடைய பெயர்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கொரு தெருவோட்டம். கல்கிசையில் தொடங்கி காலி வீதி வழியே மைதானம் வரைக்கும். வெள்ளைக்காரன் காலத்துச் சம்பிரதாயங்கள் அதில் இரண்டு இருந்தன. முதலாவது, காக்கிப் பை. ஓடுகிறவன் உடம்பில் உடுப்பையும் சப்பாத்தையும் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் எவனோ ஒருத்தன் பொக்கற்றில் சில்லறை வைத்திருந்து தெகிவளையில் பஸ் ஏறி, பம்பலப்பிட்டியில் இறங்கி, வியர்வைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு முதலாவதாக வந்துவிட்டானாம். அன்றிலிருந்து மணிக்கூடு, சங்கிலி, காசு எல்லாம் காக்கிப் பைக்குள். பை மைதானத்துக்குப் போய்விடும். கடைசி ஆள் வந்து சேருமட்டும் அதைத் திறக்கக் கூடாது.

இரண்டாவது, நாடா. எங்கள் ஓட்டத்துக்குக் கிண்ணம் கிடையாது. முடிவிடத்தில் கட்டியிருக்கும் வெள்ளை நாடாவை எவன் நெஞ்சால் அறுக்கிறானோ அவனுக்கே அது சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாகும்வரை வைத்திருக்கலாம். தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் அந்த நாடாவைப் பார்த்து ஏங்கியதை நான் கண்டிருக்கிறேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. கொழும்பில் ஒரு தமிழ்ப் பொடியன் கழிப்பறைக்குப் போனாலும் ஐசியைக் கொண்டு போகிற காலம். ஆனால் சம்பிரதாயம் சம்பிரதாயம்தானே. என் ஐசியும், அடையாள அட்டைதான், காக்கிப் பைக்குள் போனது. எங்கள் விளையாட்டுப் பொறுப்பாளர், நாங்கள் விசில் சேர் என்று கூப்பிடுகிறவர், பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரத்தனம் என்று அங்கே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு நான் ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல! தெகிவளையில் கடற்கரை ரயில் எனக்குச் சமமாக வந்து, வெட்கப்பட்டுப் பின்தங்கியது. என் காற்றில் ஒரு பாண்கடைக்காரரின் சாரம் அவிழ்ந்ததை நிலாம் கண்ணால் கண்டான். எனக்கு அடுத்து வந்த ஒஸ்வால்ட் இன்னும் கல்கிசையில் சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்திருப்பான்.

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு குரல்: "ஏய்! நவத்தின்ன!"

நில் என்கிறான். நின்றால் என்ன கேட்பான்? ஐசி. அது எங்கே? மைதானத்தில். ஆகவே மைதானத்துக்குப் போனால்தானே காட்டலாம்? இப்படி ஒரு நியாயம் என் மூளையில் ஓடியது. மூளையைவிட வேகமாகக் கால் ஓடியது. "ஐசி கிறவுண்டில மாத்தயா, வாங்கோ, எடுத்துத் தாறன்!" என்று தமிழிலும் சிங்களத்திலும் கத்திக்கொண்டே போனேன்.

துரத்தினார்கள். ஒரு படைப்பிரிவு, இரண்டு ட்ரக், மேலே ஒரு ஹெலிகொப்டர். பம்பலப்பிட்டியில் சனம் இரண்டு பக்கமும் நின்று கை தட்டியது. ஒரு மனுசி, இராணுவமும் போட்டியில் சேர்ந்திருக்கிறது என்று நினைத்து, துவக்கோடு ஓடியவனுக்குத் தண்ணீர் நீட்டினாள். அவனும் வாங்கிக் குடித்தான். அதில்தான் எனக்கு அந்த நாற்பது யார் கிடைத்தது.

நாடா என் நெஞ்சில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நாடா அறுவதற்குச் சத்தமில்லை என்று ஒஸ்வால்ட் சொல்வான். கேட்டது.

பிறகு என் பிடரியில் ஒரு கை. என் கழுத்தில் நாடா தொங்குகிறது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் விசில் சேர், கையில் காக்கிப் பை.

"சேர், என்ரை ஐசி. அதுக்குள்ளதான் சேர்."

விசில் சேர் பையைப் பார்த்தார், துவக்கைப் பார்த்தார். "கடைசி ஆள் வந்த பிறகுதான் திறக்கலாம்" என்றார்.

மைதானத்தின் பின்பக்கக் கதவால் கொண்டுபோய் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போது யாரோ கழுத்திலிருந்து நாடாவை உருவி எடுத்தார்கள்.

உள்ளே நடந்ததைப் பெருப்பித்துச் சொல்ல எனக்கு வராது. ஓடுகிறவன் என்று அறிந்து உள்ளங்காலில் அடித்தார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு விட்டார்கள். அதற்குப் பிறகு நான் ஓடவில்லை.

வெளியே வந்து மைதானத்துப் பலகையைப் போய்ப் பார்த்தேன். ஒஸ்வால்ட் முதலாம் இடம். என்னைப் பற்றி விசில் சேர் எழுதி வைத்தது: ஓட்டத்தை முடிக்கவில்லை. கேட்டேன். சட்டப்படி போட்டியில் இல்லாத ஒருவர் கூடவே ஓடி வேகம் கொடுத்தால் வெற்றி செல்லாதாம். அந்தத் துவக்குக்காரன் எனக்கு வேகம் கொடுத்தானாம்! "ஆனா அப்பிடி எழுதினா ஆமிக்காரன்ரை கதையையும் எழுத வேணுமே, தம்பி. அதால நீர் வரவேயில்லை எண்டு எழுதினது. உமக்கும் நல்லது" என்றார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முடிவிடத்தில் நாடா கட்டிய இருவரில் ஒருவர் கனடாவில் மறதி நோயோடு. மற்றவர் எங்கேயென்றே தெரியாது.

மிச்சம் ஒஸ்வால்ட். அவனிடம் ஒரேயொரு வாதம்.

"மச்சான், நீ முதல்ல வந்து நாடாவை அறுத்திருந்தா, எனக்கு எங்கால நாடா? நான் வரக்குள்ள அது கட்டி இருந்திச்சே. நெஞ்சால அறுத்தன். வீட்டுக்கும் நான்தான் கொண்டு போன. நீ பாலத்திலயே மாட்டிட்ட. அதைச் சொல்லு, நான் அழுறன். நீ வென்ற எண்டு மட்டும் சொல்லாத."

இந்த வாதத்தை எப்படியாவது வெல்ல வேண்டும். அதனால்தான் கதை வளர்ந்தது. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: துரத்தியது ஒருத்தன். பத்தொன்பது வயது இருக்கும், மீசை சரியாக முளைக்கவில்லை. ஒருத்தன் என்று சொன்னபோது ஒஸ்வால்ட் நம்பவில்லை. மூன்று பேர் என்றேன். ட்ரக் வந்தது. ஹெலிகொப்டரும் வந்தது. உண்மையை நம்பாதவனுக்கு ஹெலிகொப்டரைக் கொடுப்பதில் எனக்கென்ன நட்டம்?

போன மாதம் றஸ்மியா என்றொரு பிள்ளை தொலைபேசியில் வந்தாள். தெருவோட்டத்தின் ஆண்டு விழாக் குழுவாம். வென்றவர்கள் எல்லாரும் தங்கள் நாடாவைக் கொண்டுவர வேண்டுமாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப் போகிறார்கள். ஒஸ்வால்டின் விலாசம் கேட்டுத்தான் என்னிடம் வந்தாள். விடுவேனா? கதையைச் சொன்னேன், ஹெலிகொப்டரோடு. பிள்ளை சிரித்துவிட்டு, "அங்கிள், அந்த வருஷம் வின் பண்ணினவர் ஓம் எண்டு சொன்னா நாங்க பலகையைத் திருத்திறம்" என்றாள்.

இரண்டு நாள் விட்டு நிலாமையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எங்கள் அணியில் ஓடி, தெகிவளையிலேயே வாந்தியெடுத்து இருந்துவிட்டவன் அவன். ஒஸ்வால்ட் வாசலில் நின்று முகத்தைச் சுளித்தான்.

"என்னடா, ரெண்டு கிழடும் சேர்ந்து?"

"நாடாவைப் பாக்க வந்தனாங்கள். எடு. கண்ணாடிப் பெட்டிக்குப் போக முதல் ஒருக்காத் தொட்டுப் பாப்பம்."

"அது எங்க இருக்கோ. வீடு மாறக்குள்ள துலைஞ்சிட்டு. போன் எடுத்த அந்தப் புள்ளையிட்டயும் நான் அப்பிடித்தான் சொன்ன."

தேத்தண்ணீர் கொண்டுவந்த புளோறன்ஸ் நின்றாள். ஒஸ்வால்டின் மனைவி, பொய் சொல்லத் தெரியாத மனுசி. "என்னங்க நீங்க? அலுமாரியில பிஸ்கட் டின்னுக்குள்ள கிடக்கே. போன கிழமையும் எடுத்து வச்சிக்கிட்டு இருந்தீங்களே."

"நீ உள்ள போ."

அவள் போனாள். போய் டின்னோடு திரும்பி வந்தாள்.

ஒஸ்வால்ட் அதைப் பறித்து மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடினான். நிலாம்தான் மெதுவாக, "பெட்டி கண்ணாடிப் பெட்டி மச்சான். வச்சா எல்லாரும் பாப்பாங்க. அதானே நீ துலைஞ்சு போச்சு எண்டது?" என்றான்.

"டேய் ஒஸ்வால்ட்," என்றேன். "ஹெலிகொப்டரை நான் எடுத்திடுறன். ட்ரக்கையும் எடுத்திடுறன். அந்தப் பொடியன் ஒருத்தன்தான் துரத்தினவன். இப்ப சொல்லு, நான் வந்தனானோ இல்லையோ?"

அவன் என் காலைப் பார்த்தான். இத்தனை வருடம் என்னோடு கடற்கரையில் நடக்கும்போது என் காலைப் பார்க்காமல் எனக்காக மெதுவாக நடக்கிறவன். அன்றைக்குத்தான் பார்த்தான்.

டின்னைத் திறந்தான். பழுப்பேறிப் போன நாடா. ஒரு நுனி நைந்து பிய்ந்திருந்தது, அவன் நெஞ்சில் அறுந்த இடம். அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, சுண்டங்காய் அளவில் ஒரு முடிச்சு.

நிலாம் "யா அல்லாஹ்" என்றான்.

"அவிழ்த்திருக்கலாமே" என்றேன்.

"எத்தனை தரம் பாத்தன் மச்சான். ஊசி போட்டும் பாத்தன். இறுகிட்டு." அவன் முடிச்சைப் பெருவிரலால் தடவினான். "நான் ஓடி வரக்குள்ளயே கண்ட. அறுந்து கிடந்ததை முடிச்சுப் போட்டுட்டு, நாடா கட்டினவன் கையை எடுக்கிறான், நான் வாறன். நிண்டிருக்கலாம். நிக்கல்ல." நாடாவை எடுத்து என் மடியில் போட்டான். "நீ வந்த. நீதான் முதல்ல வந்த."